லாபிஸ் வீரமுத்துவுக்கு ஒரு நிமிட மௌனம்

இப்போதெல்லாம் மனிதர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அழுகிறார்கள். டிவியைத் திறந்தால் பாடத் தெரியாதவன் அழுகிறான், பாடத் தெரிந்தவளும் அழுகிறாள். சமையல் போட்டியில் ஒருத்திக்குத் தோசை கருகிவிட்டது என்று அழுகை. அவளைத் தேற்றப் போனவனுக்கும் அழுகை. கண்ணீர் கன்னத்தில் பாதி வழி வந்ததும் விளம்பரம் போடுகிறார்கள். சோப்புத்தூளும் மைலோ பானமும் முடிந்து திரும்பி வந்தால் கண்ணீர் விட்ட இடத்திலேயே நிற்கிறது. அது எப்படி நிற்கும்? லாபிஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சீனன் காப்பிக்கடையில் வீரமுத்து இதைப் பல சனிக்கிழமைகள் கேட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் சிறுகதைகள் மீதும் அவருக்கு இதே சந்தேகம்தான். அவர் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். விரலை வைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் ஒரு கதையையும் விடமாட்டார். எல்லாக் கதையிலும் ஒரு அப்பா இருமுகிறார். கையில் ரப்பர் மரம் சீவுகிற பால்வெட்டுக் கத்தி இருக்கும். கடைசிப் பத்தியில் அப்பா செத்துப்போவார், வெளியே மழை பெய்யும். இந்த நாட்டுத் தமிழனுக்குச் சர்க்கரை வியாதி வருகிறது, மூலம் வருகிறது, கால் வீங்குகிறது. கதையில் மட்டும் ஏன் எல்லோரும் இருமியே சாகிறார்கள்?

"யோவ், அது இலக்கியம்யா. உனக்குப் புரியாது," என்பார் கிரகோரி. ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வீரமுத்துவின் காப்பிக்கடைச் சிநேகிதர்.

"எனக்குப் புரியலங்கறது இருக்கட்டும். ஒனக்கு என்ன புரிஞ்சிச்சு, சொல்லு."

"எனக்கு அழுகை வந்திச்சு."

"ஒனக்கு வெங்காயம் நறுக்கினாலும் வரும்."

சிறுகதையும் டிவியும் தனித்தனியாக இருந்தவரை வீரமுத்து பொறுத்துக்கொண்டார். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் வினையாயிற்று. 'தென்முனைச் சிறுகதை வளர்ச்சி மன்றம்' என்று தெப்ராவில் ஒரு சங்கம் உண்டு. அந்தச் சங்கமும் ஒரு டிவிக்காரரும் சேர்ந்து 'கதை மகுடம்' என்று ஒரு போட்டி ஆரம்பித்தார்கள். எழுத்தாளர்கள் மேடையில் ஏறித் தங்கள் கதையைப் படிக்க வேண்டும். நடுவர்கள் அழ வேண்டும். யார் படித்தபோது அதிகம் அழுகிறார்களோ அவர் அடுத்த சுற்றுக்குப் போவார்.

அதில் வீரமுத்துவின் ஒரே மகள் செல்வராணியும் கலந்துகொண்டாள். தெப்ராவ் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. ஓவர்டைம் முடிந்து வந்து சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவள். மகள் எழுதுகிறாள் என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் என்ன எழுதுகிறாள் என்று அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை காப்பிக்கடை நிறைந்திருந்தது. செல்வராணி நீலப் புடவையில் வந்து நின்று படித்தாள். கதையில் ஒரு அப்பா. வீரமுத்து முதல் வரியிலேயே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஏனென்றால் அப்பா இருமினார். கையில் பால்வெட்டுக் கத்தி. மகள் வருவாள் வருவாள் என்று லாபிஸ் ரயில் நிலையப் பெஞ்சில் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார். மழை பெய்தது.

நடுவர்கள் மூவரும் மேசையில் கவிழ்ந்துவிட்டார்கள். அறிவிப்பாளர் ரூபினி மைக்கைப் பிடித்துக்கொண்டு செல்வராணியிடம் வந்தாள்.

"செல்வராணி... அந்த அப்பா... உங்க சொந்த அப்பாவா?"

டப்பென்று இசை நின்றது. செல்வராணி நடுவர்களைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள். மெல்ல, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

விளம்பரம்.

காப்பிக்கடையில் இருந்த அத்தனை பேரும் டிவியை விட்டுவிட்டு வீரமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரச் சீனனுக்குத் தமிழ் அரைகுறையாக விளங்கும். அவன் காப்பிக் கோப்பையும் கையுமாக நின்று, "முத்து, லு சுடா மாத்தி கா?" என்று மலாயில் கேட்டான். நீ செத்துட்டியா என்று. கிண்டலாகக் கேட்டதாகவும் தெரியவில்லை.

"அலமாக்," என்று வாயில் கை வைத்தார் கிரகோரி. அவர் கண் கலங்கியிருந்தது. "ஆனா நல்லா செத்தய்யா நீ."

வீரமுத்து அங்கேயே மகளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுநாள்தான் எடுத்தாள்.

"அப்பா, அது கதைப்பா."

"கதைன்னா எதுக்கு தலைய ஆட்டின?"

"எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்கப்பா. அந்த நேரத்துல போயி, இல்லிங்க, அவரு வீட்டுல பூனைக்குச் சோறு வெச்சிக்கிட்டு இருக்காருன்னு எப்படிப்பா சொல்றது?"

"வாயத் தொறந்துதான்."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நான் என்னிக்குடி பால்மரம் வெட்டினேன்? செகாமட்டுக்கும் யோங் பெங்குக்கும் பஸ் ஓட்டினவன்டி நானு."

"பஸ் டிரைவர்னுதான்பா மொதல்ல எழுதினேன். ஆழம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கத்திய வெச்சேன், எடுத்துக்கிட்டாங்க." குரல் தணிந்தது. "பைனல் முடியற வரைக்கும் கொஞ்சம் வெளிய தல காட்டாம இருங்கப்பா. ப்ளீஸ்."

உயிரோடு இருக்கிற மனிதன் எப்படித் தலை காட்டாமல் இருப்பது? காய்கறி வாங்கப் போனால் ஒருத்தி அலறினாள். கோயில் கமிட்டி அவர் பெயரைச் சொல்லி மோட்ச தீபம் ஏற்றிவிட்டது. அவர் நேரில் போய் விவரம் சொன்னார். செயலாளர் தலையைச் சொறிந்துவிட்டு, "ஏத்தின தீபத்த ஒண்ணும் பண்ண முடியாதுங்கண்ணே. கணக்குல இருக்கட்டும், பின்னாடி ஆவும்," என்றார்.

மறைந்த மனைவியின் தங்கை கிருஷ்ணம்மா, பொந்தியானிலிருந்து வேன் பிடித்து, சனங்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கேட்டுக்கு வெளியிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழுதபடி வந்தவள், வாசலில் வீரமுத்துவைக் கண்டதும் நின்றாள்.

"என்னா அத்தான் இது? செத்துட்டீங்கன்னு டிவில சொன்னாங்க. புள்ளைங்கள ஸ்கூலுக்கு மட்டம் போட வெச்சிக் கூட்டியாந்தேன். இங்க வந்து பாத்தா சட்ட மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க!"

"நான் சாகல, கிருஷ்ணம்மா."

"அத முன்னுக்கே சொல்றதுக்கு என்னா? ஒரு போன் அடிச்சா கொறஞ்சா போயிடுவீங்க?"

வந்தவர்களுக்கு அவரே கோழி வாங்கிச் சமைத்துப் போட்டார். சாப்பிட்டார்கள். ஆனால் வேன் கிளம்பும்வரை யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரிதாக ஏமாற்றிவிட்டார் என்ற வருத்தம்.

அன்றைக்குத்தான் வீரமுத்து முடிவு செய்தார். பைனல் நடக்கிற இடத்துக்கே போவது. மகளைத் திட்டுவதற்கில்லை. பரிசு அவளுக்கே வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதே மேடையில், அதே மைக்கில், 'எங்கப்பா இருக்காரு' என்று அவள் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். சொன்னால் லாபிஸுக்குத் திரும்பிப் போய் ஒரு காப்பியை நிம்மதியாகக் குடிக்கலாம்.

தெப்ராவ் மண்டபத்தின் வாசலில் பெரிய படம் ஒன்று வைத்திருந்தார்கள். வீரமுத்துவின் படம். ஒரு கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற மனைவி தனலெட்சுமியை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். போட்டோக்காரன் வற்புறுத்தியதால் அவள் கணவன் தோளில் வைத்த கை மட்டும், வளையலோடு, இன்னும் தோளிலேயே இருந்தது. படத்துக்கு மாலை போட்டிருந்தது. அடியில் ஒரு பால்வெட்டுக் கத்தியைப் பட்டுத்துணியில் வைத்திருந்தார்கள்.

"நான்தான் இது," என்றார் வீரமுத்து, வாசலில் நின்ற பெண்ணிடம். அவள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள்.

அவரை ஓர் அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். நிகழ்ச்சி இயக்குநர் கால்வின் வந்தான். முப்பது வயதுப் பையன், காதில் ஒயர். பின்னாலேயே மன்றத் தலைவரும் தலைமை நடுவருமான குணாளன் வந்தார். தோளில் பொன்னாடை. யார் போட்டதென்று தெரியவில்லை. வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்தவர் போலத்தான் இருந்தார்.

"அங்கிள், யூ ஆர் அலைவ் லா," என்றான் கால்வின், குற்றம் சாட்டுகிற குரலில்.

குணாளன் அவனைக் கையமர்த்திவிட்டு, வீரமுத்துவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, தாங்கள் உயிரோடு இருப்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் மட்டற்ற மகிழ்ச்சி. ஆனால் இலக்கியத்துக்கு இது ஈடுசெய்ய முடியாத இழப்பு. இந்த நாட்டுச் சிறுகதையை இந்த மன்றம் எத்தனையோ ஆண்டுகளாகத் தோளில் சுமந்து வளர்த்து வருகிறது. உயிரோடு இருக்கிற அப்பாக்களை வைத்து எங்களுக்கும் கதைகள் வருகின்றன. நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவற்றை எங்கே முடிப்பது? அப்பா சாப்பிட்டார், படுத்தார், எழுந்தார். வாசகன் எந்த இடத்தில் அழுவான்? சொல்லுங்கள்."

"எதுக்கு அழுவணும்?"

குணாளன் கால்வினைப் பார்த்துப் புன்னகைத்தார். "பாமரக் கேள்வி. அருமையான கேள்வி. ஐயா, நான் மனம் திறந்து சொல்கிறேன். எனக்குக் கதை படிக்க நேரம் இருப்பதில்லை. மன்ற வேலை அப்படி. ஆனால் படிப்பவர்களின் முகத்தைப் பார்த்தே தரத்தைச் சொல்லிவிடுவேன். மூக்கு சிவந்தால் நல்ல கதை. தோள் குலுங்கினால் சிறந்த கதை. உங்கள் மகள் படித்தபோது ஒரு நடுவருக்கு மூச்சுத் திணறி மாத்திரை போட வேண்டியதாயிற்று. அப்படியொரு படைப்பை, அதன் அப்பா சாகவில்லை என்கிற ஒரு சின்னத் தகவல் பிழைக்காகக் கைவிடச் சொல்கிறீர்களா?"

"நான் பிழையா?"

"தகவல்தான் பிழை. நீங்கள் இல்லை."

"சரி. என் மவ வந்து மேடையில நான் இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். போயிடறேன்."

கால்வின் உட்கார்ந்துவிட்டான். "முடியாது அங்கிள். சொன்னா கதை கற்பனைப் பிரிவுக்குப் போயிடும். கற்பனைப் பிரிவ போன மாசமே எலிமினேட் பண்ணிட்டோம். யாரும் பாக்கல."

காதில் இருந்த ஒயர் என்னவோ சொல்ல, கால்வின் திடீரென்று துள்ளி எழுந்தான். ஒவ்வொரு வாரமும் முன்வரிசையில் 'எளிய வாசகர்' என்று ஒருவரை உட்காரவைத்துக் கருத்துக் கேட்பார்களாம். இன்றைக்கு வர வேண்டியவர் ஜாமில் மாட்டிக்கொண்டாராம்.

"அங்கிள் உக்காரட்டும் லா! மகளையும் பக்கத்துலயே பாத்த மாதிரி இருக்கும்."

"நல்ல யோசனை," என்றார் குணாளன். "ஆனால் பெயர்? வீரமுத்து என்பது இறந்தவர் பெயராயிற்றே. குழப்பம் வரும். இன்று மட்டும் மனோகரன் என்று இருங்கள் ஐயா."

மீசையை எடுத்துவிடலாமா என்று மேக்கப் பெண் கேட்டாள். முடியாது என்றார் வீரமுத்து. இருபது வயதில் வைத்த மீசை. அதனால் படத்துக்கு இன்னொரு மாலை போட்டார்கள். அது போதவில்லை, இன்னும் இரண்டு. கடைசியில் படத்தில் நெற்றியும் தோளில் இருந்த கையும் மட்டுமே தெரிந்தன.

அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்று பிறகு கிரகோரி கேட்டபோது அவருக்கே சொல்லத் தெரியவில்லை. மைக் கைக்கு வரும் என்றார்கள். மைக் வந்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பார்.

நிகழ்ச்சி குறித்த நேரத்துக்குத் தொடங்கவில்லை. சிறப்பு விருந்தினர், டத்தோ பட்டம் வாங்கியவர், வரவில்லை. டத்தோ வராமல் குத்துவிளக்கு எரியாது, விளக்கு எரியாமல் சிறுகதை வளராது. டத்தோ வந்ததும் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைக் கழற்றி டத்தோ அடுத்தவருக்குப் போர்த்தினார். அந்தப் பொன்னாடை முன்வரிசை முழுக்கச் சுற்றி, மனோகரன் என்கிற வீரமுத்துவின் தோளுக்கும் வந்து, அடுத்த நிமிடமே பறிக்கப்பட்டு மறுபடி குணாளனிடம் போய்ச் சேர்ந்தது.

பிறகு குணாளன் மேடையேறி, டத்தோ அவர்களே, நடுவர்களே, ஆதரவாளர்களே என்று ஒரு பாட்டம் அழைத்து முடித்துவிட்டு, "மறைந்த பால்வெட்டுத் தொழிலாளி அமரர் வீரமுத்து அவர்களுக்காக அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிட மௌனம்," என்றார்.

மண்டபமே எழுந்தது. வீரமுத்து உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்த அம்மாள் அவர் தோளில் தட்டி, "எந்திரிங்கய்யா, மனுஷன் செத்திருக்காரு, மரியாத வேணாமா?" என்று கடிந்துகொண்டாள். எழுந்து நின்றார். மேடையில் சோகத்துக்காகப் புகை விட்டார்கள். அது நேராக முன்வரிசைக்கு வந்து அவர் தொண்டையில் இறங்கியது. இருமல் முட்டியது. இருமினால் கதை உண்மையாகிவிடும். கண்ணில் நீர் வர அடக்கிக்கொண்டு நின்றார். கேமரா அவர் முகத்துக்கு வந்து வெகு நேரம் நின்றது.

செல்வராணி மேடைக்கு வந்தபோதுதான் அவரைப் பார்த்தாள். கையில் இருந்த தாளை மடித்து மறுபடி பிரித்தாள். கதையை மறுபடி படித்தாள். இந்தத் தடவை அப்பா இன்னும் அதிகமாக இருமினார்.

படித்து முடித்ததும் ரூபினி கீழே இறங்கி நேராக வீரமுத்துவிடம் வந்து மைக்கை நீட்டினாள்.

"நம்ம எளிய வாசகர் மனோகரன் ஐயா! உங்க கண்ணுல நான் கண்ணீரப் பாத்தேன். அந்த அப்பா செத்த இடத்துல உங்களுக்கு எப்படி இருந்திச்சு?"

மைக் வாய்க்கு நேரே வந்துவிட்டது. மேடையில் செல்வராணி நின்றாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது. வீட்டில் எதையாவது போட்டு உடைத்துவிட்டு நிற்கும்போது சின்ன வயதில் அப்படித்தான் நிற்பாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வீரமுத்து ஊரிலிருந்து சுமந்துகொண்டு வந்த வாக்கியம் தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

"அந்த ஆளு இருமாம இருந்திருக்கலாம்," என்றார்.

சபை சிரித்தது. ரூபினியும் சிரித்துவிட்டு, சட்டென்று சோகமானாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றார். மகளைப் பார்த்துக் கேட்டார். "அவரு உசுரோட இருந்தா, நீ அவரப் பத்தி என்னாம்மா எழுதியிருப்ப?"

செல்வராணி மைக்கை உயர்த்தினாள். உதடு அசைந்தது. அவள் சொல்லத்தான் போகிறாள் என்று வீரமுத்து முன்னால் சாய்ந்தார்.

"ஆஹா! என்ன ஒரு கேள்வி!" என்று கூவினாள் ரூபினி. "செல்வராணி என்ன சொல்லப் போறாங்க? சின்ன இடைவேளைக்குப் பிறகு!"

விளக்குகள் அணைந்தன. ஆட்கள் ஓடினார்கள். செல்வராணியின் முகத்தில் பவுடர் ஒற்றினார்கள். கால்வின் அவள் காதருகே குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான். இடைவேளை முடிந்து விளக்கு வந்தபோது அந்தக் கேள்வி இல்லை. யாரும் அதைத் தேடவும் இல்லை. குணாளன் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

செல்வராணிக்குத்தான் மகுடம். வண்ணக் காகிதம் கொட்டியது. அத்தோடு குணாளன் இன்னொன்றும் அறிவித்தார். அடுத்த ஆண்டு முதல் 'அமரர் வீரமுத்து நினைவுப் பரிசு' வழங்கப்படும். பால்வெட்டு அப்பாக்களைப் பற்றிய கதைகளுக்கு மட்டும்.

செல்வராணி மகுடத்தோடு மைக்கைப் பிடித்தாள். அழுதாள். அந்த அழுகையில் மட்டும் வீரமுத்துவுக்குச் சந்தேகம் வரவில்லை.

"இது எங்கப்பாவுக்கு," என்றாள். "அவரு எங்க இருந்தாலும் இப்ப என்னைப் பாத்துக்கிட்டு இருப்பாரு."

வீரமுத்து முன்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எல்லாம் முடிந்து பின்பக்க நடையில் மகள் அவரைப் பிடித்துக்கொண்டாள். மகுடம் ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"அப்பா, மன்னிச்சிடுங்கப்பா."

"அம்மாளப் பத்தி எழுதியிருக்கலாமில்ல? அவ நெசமாவே செத்தவ."

செல்வராணி சுவரைப் பார்த்தாள். "எழுத வரலப்பா. உக்காந்தா ஒரு வரி வரமாட்டேங்குது. உங்கள வெச்சா எழுத முடிஞ்சிச்சு. எழுதி முடிச்சிட்டு உங்களுக்கு போன் பண்ணா எடுப்பீங்கன்னு தெரியும்ல, அதனாலதான்."

வீரமுத்து கிட்டே வந்தார். கையைத் தூக்கி மகுடத்தை நேராக வைக்கப் போனார். அதற்குள், "செல்வராணி! டத்தோ போட்டோக்கு வெயிட் பண்றாரு!" என்று யாரோ கத்தினார்கள். "இதோ வந்துடறேன்பா, இங்கயே இருங்க," என்று போனாள். போட்டோ முடிந்து பேட்டி, பேட்டி முடிந்து இன்னொரு போட்டோ. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றாவது ஆள் அவளுக்குப் பொன்னாடை போர்த்தும்போது அவர் நகர்ந்தார்.

வாசலில் கால்வின் அவருடைய படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். "அங்கிள், வெளிய போறீங்களா? இதக் கொஞ்சம் அந்தத் தொட்டிகிட்ட போட்டுட்டுப் போறீங்களா? மண்டபத்துக்காரங்க ஏசுவாங்க."

வீரமுத்து படத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மாலைகள் வாடவில்லை. தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக்.

கேட்டில் நின்ற காவலர் தமிழர். படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"கூடப் பொறந்தவருங்களாண்ணே? அப்படியே உங்க நெத்தி."

"இல்ல."

"பின்ன யாருங்க?"

"பால்மரம் வெட்டினவராம். இருமிச் செத்தாராம். அப்படித்தான் உள்ள பேசிக்கறாங்க."

"நீங்க நம்பலீங்களா?"

"தொப்பியப் போட்டுக்குங்க," என்றார் வீரமுத்து. குப்பைத் தொட்டியைத் தாண்டி, பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார். லாரி ஒன்று புழுதியை வாரிவிட்டுப் போனது. தொண்டை கரகரத்து இருமல் மேலே வந்தது. தோளில் தனலெட்சுமியின் கை இருந்த இடத்தில் விரல் படாமல் படத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டு, இருமலை விழுங்கியபடியே போனார்.